அம்மாவின் செம்பும் எங்கள் குளியலறையும்

மாலை நான்கு மணிக்குப் பிறகு அம்மா தண்ணீர் குடிப்பதில்லை. தேநீர் கொடுத்தால்கூட இரண்டு மிடறு குடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிடுவார். கேட்டால், "பழகிப் போச்சு புள்ள" என்பார். நானும் அது பழக்கம்தான் என்று நம்பியிருந்தேன். தோட்டப் பாடசாலையில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சுகாதாரம் படித்துக் கொடுக்கும் எனக்கு, என் வீட்டுக்குள் இருந்த இந்தச் சங்கதி விளங்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. சிறுநீர் கழிக்கும்போது எரிவு, இடுப்பு வலி. மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்றோம். சிறுநீர்த் தொற்று என்றார்கள். "அம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அன்று இரவு வார்ட்டில் கட்டிலருகே நான் உட்கார்ந்திருந்தபோதுதான் மெதுவாகச் சொன்னார்: "ராத்திரியில அந்தப் படியில எப்படி புள்ள எறங்குறது? அதான் குடிக்கிறதில்ல."

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லயத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஒரு வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கிடைத்தது. டிக்கோயாவில் சமதரை எங்கே இருக்கிறது? சரிவை வெட்டித்தான் வீடு கட்ட வேண்டும். மலசலகூடம் வீட்டுக்குப் பின்னால், பதினொரு படி கீழே. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்தப் படிகளில் பாசி பிடித்துவிடும். பனிமூட்டத்தில் கைவிளக்கு வெளிச்சம் இரண்டு எட்டுக்கு மேல் போகாது. முழங்கால் தேய்ந்த ஒரு பெண் அந்த வழியாக நள்ளிரவில் போய்வர வேண்டும்.

அம்மா கொழுந்து பறித்த காலமும் நினைவுக்கு வந்தது. முப்பது வருடங்களுக்கு மேல் மலையில் நின்றவர். தேயிலை மலையில் பெண்களுக்கு ஒதுங்க ஏது இடம்? காலையில் பெரட்டுக்குப் போகும்போதே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு, அடக்கிக்கொண்டு, மாலையில் வீடு வந்து சேர்வார்கள். தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் சிறுநீரை அடக்குவதும் தொற்றுக்கு வழிவிடும் என்பது மருத்துவம் சொல்வது. உழைத்த காலத்தில் பட்ட அந்தக் கஷ்டம், ஓய்வெடுக்கும் வயதிலும் எங்கள் வீட்டுக்குள் அம்மாவைத் தொடர்ந்து வந்திருக்கிறது.

சீட்டுப் பணம் திசை மாறியது

அப்போது எங்கள் கையில் சீட்டுப் பணம் இருந்தது. அதில் வீட்டின் முன்பக்கத்தை நீட்டி, இஸ்தோப்பைப் பெரிதாக்கி, தரைக்கு மினுமினுக்கும் டைல்ஸ் போடுவதாகத்தான் திட்டம். "வர்றவங்க போறவங்க பாக்கிறது முன்பக்கத்தைத்தானே" என்று என் கணவர் சொல்லியிருந்தார். எனக்கும் அதே ஆசைதான். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று இரவு, "முதல்ல பின்பக்கத்தைப் பார்ப்போம்" என்றேன். அவர் மறுக்கவில்லை. குசினிக்குப் பின்னால் இருந்த சிறு இடத்தை வீட்டோடு சேர்த்து, உள்ளேயே ஒரு குளியலறை கட்டுவதென்று முடிவு செய்தோம்.

நம் மலையகத்தில் மலசலகூடத்தின் கதை பழையது. 1916ஆம் ஆண்டு ராக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். மண்ணில் கலக்கும் மலத்திலிருந்து அந்தப் புழு வெறுங்காலின் தோல் வழியாக உடம்புக்குள் ஏறி, இரத்தத்தைக் குடித்துச் சோகையை உண்டாக்கும். அதைத் தடுக்கக் கக்கூசு கட்டும்படி தோட்டங்களை வற்புறுத்தினார்கள். நோயைத் தடுக்க அது நல்ல காரியம்தான். ஆனால் இரவில் அங்கே நடந்து போகிறவள் யார், கர்ப்பிணி எப்படிப் போவாள், வயதானவர் எதைப் பிடித்து எழும்புவார் என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்று சொந்தமாகக் கட்டுகிற நாமாவது கேட்க வேண்டாமா?

காகிதத்தில் சரி, தரையில் பிழை

நான் கொப்பியில் ஒரு படம் வரைந்தேன். உள்ளளவு 5 அடி அகலம், 8 அடி நீளம். கதவைத் திறந்ததும் குளிக்கும் இடம், நடுவில் பேசின், கடைசியில் கொமட். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேசன் பாசும் "சரி டீச்சர்" என்றார்.

ஏனோ மனம் ஒப்பவில்லை. இஸ்தோப்புத் தரையில் அதே அளவில் சோக்கால் கோடு போட்டேன். கொமட் வரும் இடத்தில் ஒரு கதிரை, பேசின் வரும் இடத்தில் ஒரு வாளி. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, "ராத்திரி எழும்பிப் போற மாதிரி நடந்து காட்டுங்கம்மா" என்றேன். அம்மா சிரித்துக்கொண்டே வந்தார். இரண்டு எட்டு வைத்து நின்றார். "இது குளிக்கிற எடமா? ஈரத்துல நடந்துதான் அங்க போகணுமா?" என்று கேட்டார்.

கொப்பியில் எனக்குத் தெரியாத பிழை, சோக்குக் கோட்டில் அம்மாவுக்கு உடனே தெரிந்தது. யாராவது குளித்துவிட்டுப் போன பிறகு, கொமட்டுக்குப் போகிறவர் அந்த ஈரத்தை மிதித்துத்தான் போக வேண்டும். அப்படியே திருப்பிப் போட்டேன். கதவருகே பேசின், அடுத்து கொமட், கடைசியில் ஜன்னலோரமாகக் குளிக்கும் இடம். அடிக்கடி போகும் இடம் கதவுக்குப் பக்கத்தில், அதிகம் நனையும் இடம் தூரத்தில். இதுதான் குளியலறைத் திட்டத்தின் முதல் பாடம்.

கதிரையில் உட்கார்ந்து எழும்பச் சொன்னபோது இன்னும் சில சங்கதிகள் தெரிந்தன. கொமட்டின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவருக்கு 16 அங்குலமாவது வேண்டும். முன்னால் 24 அங்குலம் குறையாமல் வெற்றிடம் வேண்டும். இல்லையென்றால் முழங்கால் இடிக்கும், துணைக்கு ஒருவர் நிற்கவும் முடியாது. அம்மா எழும்பும்போது வலக்கை தானாக எதையோ தேடியது. அந்தக் கை போன இடத்தைக் குறித்துக்கொண்டேன். தரையிலிருந்து 33 அங்குலம். அந்த இடத்தில் பிடிகம்பி வர வேண்டும்.

ஆனால் கொமட்டுக்குப் பக்கத்தில் சுவர் இல்லையே? அதற்கு மேசன் பாசே வழி சொன்னார். கொமட்டுக்கும் குளிக்கும் இடத்துக்கும் நடுவில் 3 அடி உயரத்தில் ஓர் அரைச்சுவர். தண்ணீர் தெறிக்காமலும் தடுக்கும், கம்பியையும் தாங்கும். ஒரு கவனம்: உள்ளே வெற்றிடமுள்ள புளொக் கல்லில் பூட்டிய கம்பி, ஓர் ஆளின் பாரத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கம்பி வரும் இடத்தில் கல்லின் வெற்றிடத்தைக் கொங்கிரீட்டால் நிரப்பிவிட்டுத்தான் பூச வேண்டும். பூசிய பிறகு நினைத்தால் உடைக்கத்தான் வேண்டியிருக்கும்.

கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

"பாத்ரூம் கதவு உள்ளதான் தொறக்கும் டீச்சர், எல்லா வீட்டுலயும் அப்படித்தான்" என்றார் பாஸ். எனக்கு எங்கள் பழைய லயத்தில் நடந்தது ஞாபகம் வந்தது. ஒரு கர்ப்பிணித் தங்கச்சி உள்ளே மயங்கி விழுந்துவிட்டாள். அவள் உடம்பே கதவுக்கு முட்டாக இருந்தது. தள்ளவும் முடியவில்லை, பலமாக அடிக்கவும் பயம். பலகையைக் கழற்றித்தான் தூக்கினோம். ஆகவே, சிறிய குளியலறைக்குக் கதவு வெளிப்பக்கம் திறப்பதே நல்லது. தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். கதவின் அகலம் 32 அங்குலம் வைத்தோம். நாளை சக்கர நாற்காலி தேவைப்பட்டாலும் அது உதவும்.

வாசலில் 4 அங்குலத்துக்குக் கட்டு வைத்தால் தண்ணீர் வெளியே வராது என்பார்கள். ஆனால் இருட்டில் கால் தடுக்குவது அந்தக் கட்டில்தான். தண்ணீரைத் தடுக்க வேண்டியது தரையின் வாட்டம். 8 அடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம், ஜன்னல் பக்கமாக இறங்கும்படி வைத்தோம். டைல்ஸ் ஒட்டுமுன் தண்ணீர்க் குழாயின் வாயை அடைத்து, வாசலில் களிமண்ணால் சிறு அணை கட்டி, தரையில் தண்ணீர் நிறைத்து ஒரு நாள் முழுதும் விட்டுப் பாருங்கள். எங்காவது கசிந்தால் அப்போதே தெரிந்துவிடும். பிறகு திறந்துவிட்டு எங்கே தேங்குகிறது என்றும் பாருங்கள்.

டைல்ஸ் விஷயத்தில் நான்தான் மினுக்கத்துக்கு ஆசைப்பட்டவள். கடையில் ஒரு டைலை ஈரமாக்கி வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தேன். வழுக்கியது. சொரசொரப்பான, சிறிய அளவு டைலை எடுத்தோம். சிறிய டைலுக்கு இடைக்கோடுகள் அதிகம், காலுக்குப் பிடிப்பும் அதிகம். விலையும் குறைவாகவே வந்தது.

கீழே இருப்பவர்களின் பீலி

குளியலறையில் கண்ணுக்குத் தெரிவது பாதி. மற்றப் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. பழைய குழியைத் திறந்து பார்த்தபோது அது வெறும் குழிதான் என்று தெரிந்தது. புதிதாக இரண்டு அறையுள்ள மலத்தொட்டி கட்டி, அதிலிருந்து வரும் நீருக்கு உறிஞ்சுகுழி வெட்டத் தீர்மானித்தோம். குழாய்ச் செலவு குறையும் என்று நேர் கீழாக ஓர் இடத்தைப் பாஸ் காட்டினார். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா, "அங்க வேணாம், கீழ பீலி இருக்கு" என்றார்.

ஆம், அந்தச் சரிவின் கீழேதான் ஊற்று. லயத்துக் குடும்பங்கள் குடிக்க எடுக்கும் தண்ணீர். மலத்தொட்டி அழுக்கைப் படியவைக்குமே தவிர, வெளியே வரும் நீரிலும் கிருமிகள் இருக்கும். உறிஞ்சுகுழி குடிநீர் ஊற்றிலிருந்து 30 மீட்டராவது, அதாவது ஏறத்தாழ 100 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். ஊற்றுக்கு மேற்புறச் சரிவில் இருக்கவே கூடாது. குழாயை மறுபக்கமாகத் திருப்பினோம். செலவு கூடியது. அந்தச் செலவை நான் சொல்லிக்காட்டியதில்லை. அதே பீலியில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவள்தானே நானும்.

இன்னொன்றும் நினைக்க வேண்டும். நம் பள்ளத்தாக்கின் நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடித்தான் களனி கங்கை ஆகிறது. கொழும்பு மக்கள் குடிக்கும் நீரில் பெரும்பகுதி அந்தக் கங்கையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நாம் இங்கே வெட்டும் குழி நமக்கு மட்டும் உரியதல்ல.

குளித்த தண்ணீரை வெட்டிய மண்சுவர் மேல் விடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை யார் மறப்பார்? 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மலைநாடெங்கும் மண்சரிந்தது. பெரிய மழையை நாம் நிறுத்த முடியாது. ஆனால் தினமும் ஊறும் நீரால் சரிவு மண் இளகாமல் பார்த்துக்கொள்ளலாம். குழாய் வழியாகக் கட்டுக்கானுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். சரிவை வெட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். மலக்குழிக்கு இடம் பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையைக் கேளுங்கள்.

மலத்தொட்டி நிறைந்தால் உறிஞ்சி எடுக்கப் பவுசர் வர வேண்டும். அதன் குழாய் எட்டும் தூரத்தில் தொட்டி இருக்கிறதா, மூடியைத் திறக்க வழி இருக்கிறதா என்று கட்டும்போதே பார்க்க வேண்டும். முன்பு 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டப்புறங்களுக்குச் சபைகள் செலவு செய்யத் தடையாக இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே சபைக்குப் போய்ச் சேவை கேட்க நமக்கும் உரிமை உண்டு.

நீர், சூடு, வெளிச்சம்

ஜனவரி முதல் மார்ச் வரை எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் மெலிந்துவிடும். அதனால் 500 லீற்றர் தாங்கி வைத்தோம். கொமட்டின் தொட்டி ஒரு முறைக்கு 6 லீற்றரும் சிறு தேவைக்கு 3 லீற்றரும் விடும் இரட்டைப் பொத்தான் வகை. பழைய குந்து கழிப்பறையை இடிக்கவில்லை. அதையும் புதுத் தொட்டியோடு இணைத்தோம். அதற்கு வாளித் தண்ணீர் இரண்டு மூன்று லீற்றர் போதும். மலையிலிருந்து சேற்றுக்காலோடு வருகிறவர்களுக்கும் அது வசதி.

இந்தக் குளிரில் வெந்நீர் இல்லாமல் வயதானவர்கள் குளிக்க முடியாது. குளியலறைக்கும் குசினிக்கும் ஒரே சுவராக வைத்ததால் அடுப்பிலிருந்து வெந்நீரை நாலு எட்டில் கொண்டு வந்துவிடலாம். தண்ணீர்க் குழாயும் குறைவாகவே செலவானது. மின்சார ஹீட்டர் பூட்டுகிறவர்கள் முதலில் தகுதியான மின்னியலாளரைக் கொண்டு வயரைச் சோதிக்க வேண்டும். தடித்த தனி வயர், சரியான எர்த், 30 மில்லி அம்பியருக்கு விழும் டிரிப் சுவிட்ச் ஆகிய மூன்றும் இல்லாமல் பூட்டவே வேண்டாம். ஈரக்கையும் பழைய வயரும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

மின்குமிழின் சுவிட்ச் கதவுக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஜன்னலை ஐந்தரை அடி உயரத்தில் வைத்தோம். வெளியிலிருந்து பார்க்க முடியாது, காற்று மட்டும் வரும். பனி நாட்டில் காற்றில்லாத குளியலறை காயவே காயாது, சுவரெல்லாம் பூஞ்சணம் படரும்.

பதினைந்து வயது மகளிடமும் கேட்டேன். முதலில் வெட்கப்பட்டாள். பிறகு, "உடுப்பு கொழுவ ரெண்டு கொக்கி, மூடி போட்ட ஒரு வாளி, ஒரு சின்னத் தட்டு" என்றாள். மாதவிடாய் நாட்களில் அவளுக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். சுவர் டைல்ஸில் ஒரு வரிசையைக் குறைத்தாலே இதற்குக் காசு வந்துவிடும். பாவித்த துணியையோ பேட்டையோ கொமட்டுக்குள் போடக் கூடாது, குழாய் அடைத்துவிடும் என்பதையும் அப்போதே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

காசை எங்கே முதலில் போடுவது?

சகோதரிகளே, கையில் இருக்கும் காசு எல்லாவற்றுக்கும் போதாதபோது இந்த வரிசையில் செலவழியுங்கள். முதலில் மலத்தொட்டி, குழாய், தரையின் வாட்டம். அடுத்து மின்சாரப் பாதுகாப்பு, பிடிகம்பி, கதவு. அதன் பிறகு தாங்கியும் கொமட்டும். கடைசியில் டைல்ஸும் கண்ணாடியும். சுவருக்கு டைல்ஸ் இல்லாவிட்டால் சீமெந்தை இறுக்கிப் பூசி மெழுகி வைத்துவிட்டு, அடுத்த சீட்டுக்குப் பிறகு ஒட்டலாம். மண்ணுக்குள் போன குழாயை அப்படித் தள்ளிப்போட முடியாது. எங்கள் குளியலறையின் சுவருக்கு இன்னும் இடுப்பளவுதான் டைல்ஸ் இருக்கிறது. இஸ்தோப்பும் பழைய இஸ்தோப்புதான்.

இதை வாசிக்கும் பலர் இன்னும் லயத்துக் காம்பராவில்தான் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அங்கே நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் சுவர் கட்ட முடியாது. ஆனாலும் சில வேலைகளைக் கூடிச் செய்யலாம். கக்கூசுக்குப் போகும் படிக்கு ஒரு பக்கம் மூங்கிலிலோ குழாயிலோ கைப்பிடி போடலாம். பாசி பிடித்த படியை வாரம் ஒரு முறை தேய்க்கலாம். வழியில் ஒரு மின்குமிழ் போட நான்கு குடும்பம் சேர்ந்து கேட்கலாம். பீலிக்கரையில் பெண்கள் குளிக்க ஒரு மறைப்பு வேண்டும் என்று தலைவரிடமும் நிர்வாகத்திடமும் எழுதிக் கொடுக்கலாம். தண்ணீரும் கழிப்பிட வசதியும் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010ஆம் ஆண்டே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நாம் கேட்பது சலுகையல்ல.

வேலை தொடங்குமுன் உங்கள் வீட்டு அம்மாவையும் மகளையும் சோக்குக் கோட்டுக்குள் ஒரு தடவை நடக்கவிடுங்கள். செலவில்லாத வேலை. எங்களுக்கு அது ஓர் உடைத்தலையும் ஒரு விழுதலையும் மிச்சப்படுத்தியது.

கட்டி முடித்து முதல் சில நாட்கள் அம்மா புதுக் குளியலறைக்குப் பழகவில்லை. பிறகு ஒரு நாள் இரவு, படுக்கப் போகும்போது, "புள்ள, அந்தச் செம்புல கொஞ்சம் தண்ணி வச்சிட்டுப் போ" என்றார். அன்றிலிருந்து தினமும் அம்மாவின் தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர் வைக்கிறேன். காலையில் எடுக்கும்போது செம்பு காலியாக இருக்கிறது.